நிழலுக்கு ஒதுங்கியவர்கள்

அக்காவுக்கு இடுப்பு விட்டுப்போய் இருபது நாளாகியிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் மூச்சு பிடித்துக்கொண்டது. ஆனாலும் விடிந்ததும் ஒரு தடவை, வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, சாயங்காலம் வந்தபின் இரண்டு தடவை என்று புருஷனைத் தூக்கி உட்கார வைத்தாக வேண்டும். அவர் லேசான ஆள் இல்லை. கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை, கான்கிரீட் இறுகும்வரை தாங்கப் பலகை அடித்து முட்டுக் கொடுப்பது; பலகை சுமந்து தடித்த தோள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே நான்கு கம்பிகள் சதையைத் துளைத்து எலும்பைப் பிடித்திருந்தன. வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனைகளை ஓர் இரும்புத் தண்டு சேர்த்துப் பிடித்திருந்தது. அந்தக் கால் எதிலும் இடிக்காமல் ஆளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும்.

“கழுத்தைக் கட்டிக்கோ. நல்லாக் கட்டு, புதுப் பொண்டாட்டி மாதிரி வெக்கப்படாத.”

“வெக்கம் இல்லடி, உன் இடுப்பு என்ன ஆகும்னு பாக்கறேன்.”

“அது எப்பவோ போச்சு. ஒண்ணு, ரெண்டு…”

இரண்டிலேயே தூக்கிவிடுவாள். மூன்று வரை எண்ணினால் அவருக்குப் பயம் வந்து உடம்பு இறுகிவிடுகிறது, இறுகிய உடம்பு கனம் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் காலில் இருந்த கம்பியைப் பார்த்துச் சிரிப்பார். “இருபத்தாறு வருஷம் கான்கிரீட்டுக்கு நான் முட்டுக் குடுத்தேன். இப்ப எனக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்கான் டாக்டரு.”

அதன்பின் அவள் சலவைக்கடைக்குப் போவாள். ஒன்பதரையிலிருந்து ஆறு வரை நின்றபடியே இஸ்திரி. அடுக்கிய துணிகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிக் கொடுப்பதும் அவள் வேலைதான். பள்ளிக்கூடம் ஆறாவதோடு நின்றுபோனாலும் அந்தத் தாள்களால் வாசிப்பு விட்டுப்போகவில்லை. சுற்றுமுன் ஒரு கண் ஓட்டுவாள்.

அந்த வீட்டின் முன்னறையில் அவள் தம்பி இருந்தான். நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியர். நிருபர்கள் எழுதி அனுப்பும் செய்தியைத் திருத்தி, தலைப்பு வைத்து, பக்கத்துக்கு அனுப்புவது வேலை. மதியம் போனால் வீடு வந்து சேர வெகுநேரமாகும். தெருவில் எல்லோருக்கும் அவன் பேப்பர்காரன். பேப்பர் போடுகிறவன் இல்லை, பேப்பருக்குள்ளே வேலை செய்கிறவன் என்று ஆரம்பத்தில் அக்கா ஒவ்வொருவரிடமும் விளக்கினாள். பிறகு விட்டுவிட்டாள்.

அன்று காலை ஒன்பது மணிக்குப் பதிவுத் தபால் வந்தது. வெயில் அதற்குள்ளேயே தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்திருந்தது. தம்பி அப்போதுதான் எழுந்து ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். அக்கா வேலைக்குக் கிளம்பி நின்றவள் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

“தொழிலாளர் ஆபீஸ்லேருந்து. நீயே படிடா, என்ன இருந்தாலும் எழுத்து உன் தொழில்.”

மாமா, அக்காவின் புருஷன், நாற்காலியில் நிமிர்ந்தார். நாற்பது நாளாக அந்த வீடு காத்திருந்த கடிதம் அது. மேம்பாலம் ஒன்றுக்கு மேல்தளம் போடும்போது சாரமும் முட்டும் சரிந்து, ஊற்றிய கான்கிரீட்டோடு இறங்கியது. கீழே நின்ற இரண்டு பேரில் ஒருவர் மாமா. இன்னொருவன் அவருடைய கூட்டாளி, நெட்டை என்று கூப்பிடுவார்கள். மாமாவுக்குக் கால் போனது. நெட்டைக்கு உயிர் போனது. வேலையில் இருக்கும்போது அடிபட்டவர் என்று அந்த ஆபீஸ் எழுதிக் கொடுத்தால் வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்கும். கால் தேறியபின் உட்கார்ந்து பார்க்கும் வேலையாவது தரவேண்டும். இல்லையென்றால் தடைபோட்ட இடத்துக்குள் போய்ப் படுத்தவன் என்று ஆகும். அந்தப் பெயர் வந்த ஆளை எந்த மேஸ்திரியும் கூப்பிடமாட்டான்.

தம்பி சத்தமாகப் படித்தான். பாதியில் குரல் இறங்கியது.

“…சம்பவ நேரத்தில் பணி எதுவும் நடைபெறவில்லை என்றும், சிக்கியவர்கள் நிழலுக்காக ஒதுங்கியிருந்தவர்கள் என்றும் அமைச்சர் கூறியதாக நாளிதழில் வந்திருப்பதால், மனுதாரர் பணியில் இருந்ததற்கான ஆதாரத்துடன் வருகிற பன்னிரண்டாம் தேதி…”

“நிழலுக்கா?” என்றார் மாமா. “கான்கிரீட்டு கொட்டிக்கிட்டு இருக்கும்போது அதுக்கடியில எவன்டா நிழலுக்குப் போவான்? தூக்கு மாட்டிக்க மரம் கெடைக்காதவன்தான் போவான்.”

“அது என்ன பின்னால இன்னொரு தாளு?” அக்கா கேட்டாள்.

“பேப்பர் நகல். ஆதாரத்துக்கு வெச்சிருக்காங்க.”

“எந்தப் பேப்பரு?”

அவன் ரொட்டியை மென்றான். “எங்களோடதுதான்.”

அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். கதவு வெளிச்சத்துக்குப் போய் விரலை வரியின் மேல் வைத்து நகர்த்தினாள். நகல் கறுத்திருந்தது, ஆனால் எழுத்து தெரிந்தது. மேலிருந்து கீழே வந்தவள் நான்காவது பத்தியில் நின்றாள்.

“‘விபத்து நேர்ந்தபோது அங்கு வேலை எதுவும் நடக்கவில்லை என்பதையும், சிக்கியவர்கள் நிழலுக்கு ஒதுங்கியவர்களே என்பதையும் அமைச்சர் சுட்டிக்காட்டினார்.’ நீ கூறினாருன்னு படிச்ச.”

“எல்லாம் ஒண்ணுதானேக்கா.”

“ஒண்ணா? லெட்டர்லயும் சுட்டிக்காட்டினாருன்னுதான் இருக்கா? குடு.”

கொடுத்தான். இருந்தது.

மாமா காலின் கம்பிமேல் உட்கார வந்த ஈயைக் கையால் விரட்டினார். “மாப்ளே, எனக்குப் படிப்பு இல்ல. தெரியாமத்தான் கேக்கறேன். சுட்டிக்காட்டணும்னா ஒண்ணு அங்க இருக்கணுமில்ல? இருக்கறதைத்தான விரல் நீட்டிக் காட்ட முடியும்? இல்லாததை எப்படிச் சுட்டிக்காட்டுவாரு?”

“அது… எழுத்துல அப்படி ஒரு வழக்கம் மாமா.”

“யாரு எழுதினது?”

“நிருபர் எழுதுவாங்க. டெஸ்க்ல பாப்பாங்க. பல கை மாறிப் போகும்.”

“பல கையில எந்தக் கை?” என்றாள் அக்கா.

“ஒரு நாளைக்கு நூறு செய்தி வருதுக்கா. எது யாரு பாத்தாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

அவனுக்குத் தெரியும். அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். நேரமாகிவிட்டதால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நடந்தது இதுதான். விபத்துக்கு மறுநாள் சாயங்காலம். முதல் நாள் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சிமென்ட் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு அவன் வேலைக்கு வந்திருந்தான். லீவு கேட்டிருக்கலாம். வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது, கேட்கவில்லை. அடிபட்டது சொந்தக்காரர் என்றும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் செய்தியை அவனிடம் தரமாட்டார்கள், அன்று அதைப் பார்க்க வேறு ஆளும் இல்லை. விபத்து இடத்தைப் பார்வையிட்ட அமைச்சரின் பேச்சு அவன் திரைக்கு வந்தது.

அந்த நாளிதழில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே செய்தியில் ‘கூறினார்’ இரண்டு தடவை வரக்கூடாது. வந்தால் தலைமை உதவி ஆசிரியர், எல்லோரும் கத்திரி என்று சொல்கிறவர், பத்துப் பேர் நடுவில் சத்தமாகப் படித்துக் காட்டுவார். “கூறினார், கூறினார், கூறினார். என்னய்யா இது, செய்தியா, மந்திரமா?” அதனால் புதிதாகச் சேருகிறவன் முதல் வாரத்திலேயே அந்த வரிசையைப் பழகிவிடுவான். முதல் பத்தியில் கூறினார். அடுத்ததில் தெரிவித்தார். அப்புறம் குறிப்பிட்டார். நான்காவதாக ஒன்று தேவைப்பட்டால் சுட்டிக்காட்டினார். ஐந்தாவதற்கு வலியுறுத்தினார். தையல்காரன் பொத்தானுக்கு நூல் மாற்றுவது போல, சட்டையைப் பார்க்காமலே கை மாற்றிக்கொண்டு போகும்.

நிருபர் நான்கு இடத்திலும் ‘கூறினார்’ என்றே எழுதியிருந்தாள். அவன் கண் எரிச்சலோடு வரிசைப்படி மாற்றினான். நிழல் வந்து விழுந்தது நான்காவது பத்தியில்.

இன்னொன்றும் நடந்தது. கடைசிப் பத்தியில் அவள் ஒரு விஷயம் எழுதியிருந்தாள்: அன்று ஒன்றரை மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் மூன்று கலவை லாரிகள் உள்ளே போனதாக வாயிலில் பதிந்த லாரிச் சீட்டுகள் காட்டுகின்றன. தளம் சரிந்தது இரண்டு பத்துக்கு. ஆனால் செய்தி ஆறு வரி நீளமாக இருந்தது. நீளமானால் அடியிலிருந்துதான் வெட்டுவது. கத்திரி வெட்டினார். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

தபால் வந்த அன்று மதியம் அவன் நேராகக் கத்திரியின் மேசைக்குப் போனான். கத்திரி அவித்த முட்டை ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, சர்க்கரை, இரண்டு மணிக்கு ஏதாவது உள்ளே போகாவிட்டால் கை நடுங்கும். அந்த நிருபரும் அங்கேயே நின்றாள். வெளியில் அலைந்து எப்போதும் புழுதியோடு வருவதால் அவளுக்குத் தூசி என்று பெயர்.

“சார், அந்த மேம்பாலச் செய்திக்கு ஒரு திருத்தம் போடணும்.”

“எதுக்கு?”

“அமைச்சர் சொன்னது பொய் சார். லாரிச் சீட்டு நம்மகிட்டயே இருந்துச்சு.”

கத்திரி முட்டை ஓட்டை ஒரு தாளில் தள்ளினார். “பொய்ன்னா என்ன தெரியுமா? உண்மை தெரிஞ்சும் மாத்திச் சொல்றது. அவருக்குத் தெரியும்னு உனக்குத் தெரியுமா? அவர் மனசுக்குள்ள நாற்காலி போட்டு உக்காந்திருந்தியா? எவனோ அதிகாரி எழுதிக் குடுத்ததைப் படிச்சிருப்பாரு. அந்தச் சொல் அரசியல்வாதிக்கு நம்ம பேப்பர்ல வந்ததே கிடையாது. நான் இருபத்தெட்டு வருஷமா இருக்கேன்.”

“மூணாம் பக்கத்துல தினம் வருதே சார்” என்றாள் தூசி.

“என்ன வருது?”

“இன்னிக்கே இருக்கு. ‘நகை திருடுபோனதாகப் பொய் கூறி நாடகமாடிய வேலைக்காரப் பெண்.’ அந்தம்மா மனசுக்குள்ள யாரு சார் நாற்காலி போட்டது?”

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரையைப் பார்த்தபடி சிரிப்பை விழுங்கினார்கள். கத்திரிக்குக் கோபம் வரவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. “அது போலீஸ் சொன்னது.”

“போலீஸ் சொன்னா பொய்ங்கலாம். லாரிச் சீட்டு சொன்னா கூடாதா? சரி சார், அந்தச் சொல்லே வேணாம். சீட்டுல இருக்கற நேரத்தை மட்டும் போடுங்க. சுட்டிக்காட்டினாருங்கறதை எடுத்துட்டுக் கூறினாருன்னு ஒரு வரித் திருத்தம்.”

“அதைப் போட்டா நாளைக்குக் காலையில அவர் ஆபீஸ்லேருந்து போன் வரும். சுட்டிக்காட்டினதை ஏன் பிடுங்கினீங்கன்னு. அவன் படிச்சுக்கிட்டே இருக்கான்மா, ஒவ்வொரு சொல்லா. நம்ம ஆளுங்கதான் படிக்கிறதில்ல.” முட்டையை வாயில் போட்டு மென்று முடித்தார். “ஒண்ணு செய்யலாம். விபத்து நேரத்தில் வேலை நடந்ததா, கேள்விக்குறி. வலுக்கும் சர்ச்சை. அவர் தரப்பு ஒரு பத்தி, தொழிலாளி தரப்பு ஒரு பத்தி. யாரும் வாயத் தொறக்க முடியாது.”

“சர்ச்சை எங்க சார் இருக்கு? லாரி போச்சு. கான்கிரீட் கொட்டுச்சு.”

“போட்டா சர்ச்சை வந்துரும்” என்றார் கத்திரி.

அது இரண்டு நாள் கழித்து ஆறாம் பக்கத்தில் வந்தது. அக்காதான் சலவைக்கடையிலிருந்து கொண்டுவந்தாள். அன்று மழை பிடித்துக்கொண்டதால் துணியெல்லாம் காயாமல் போய், வேலை சீக்கிரம் முடிந்திருந்தது. கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு. கீழே வாளி, சட்டி, சோப்புப் பெட்டி வைத்திருந்தார்கள். மாமா கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தம்பிக்கு அன்று வாரவிடுமுறை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

“‘…பணி நடந்ததாகத் தொழிலாளர் தரப்பில் சொல்லப்படுகிறது.’ அவ்வளவுதான். முடிஞ்சுது” என்று அக்கா தாளை மடித்தாள்.

“சொல்லப்படுதா? யாரால?”

“அது போடல.”

“அவருக்குப் பேரு, பதவி, படம். எனக்குப் ‘படுது’.” மாமா கூரையைப் பார்த்தார். “நெட்டை செத்தது இதுல எந்தப் பக்கம் வருது? அந்தத் தரப்பா, இந்தத் தரப்பா?”

தம்பி வெங்காயத்தோடு மல்லுக்கட்டினான். கண்ணில் தண்ணீர் வர அது ஒரு வசதி.

“உன்னை எதுவும் சொல்லலடா” என்றார் மாமா. “நீ என்ன பண்ணுவ? பெரிய எடம். யாரோ எழுதறான், யாரோ பாக்கறான்.”

“ஆமா, யாரோ” என்றாள் அக்கா. அவள் குரலில் ஒன்றுமில்லை. வெறும் சொல். ஆனால் அன்று சோறு போடும்போது தம்பியின் தட்டைத் தள்ளி வைத்தாள். அவனாக எழுந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் தேதி பக்கத்து வீட்டுக் குழாய் வேலைக்காரர் தன் சரக்கு ஆட்டோவைக் கொடுத்தார். பின்னால் மெத்தை போட்டு மாமாவைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். தொழிலாளர் ஆபீஸ் இரண்டாம் மாடி. லிஃப்ட் இல்லை. அடிபட்டவர்கள் வருகிற ஆபீஸை மாடியில் வைத்தவன் எவனோ. குழாய்க்காரரும் தம்பியும் நாற்காலியோடு தூக்கினார்கள். அக்கா முன்னால் பின்பக்கமாக ஏறியபடி, கம்பிக் காலை இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள். திருப்பத்தில் சுவரில் இடித்துவிடாமல் இருக்கத் தன் முழங்கையைக் கொடுத்தாள், அது சிராய்ந்தது.

மேலே பெஞ்சில் நெட்டையின் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அதே தேதி. பிளாஸ்டிக் உறையில் ஏதேதோ தாள்கள். “அண்ணே, வலிக்குதா?” என்றாள். மாமாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று மேஸ்திரி கீழே ஒரு ஆள் போதும் என்றபோது, இன்னொருத்தன் வேண்டும் என்று நெட்டையைக் கூப்பிட்டது அவர்தான்.

அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் தட்டச்சுக்காரி. எதிரே கம்பெனி ஆள், ஒரு கோப்போடு. அதிகாரி கேட்டார், “அந்த நேரத்துல நீங்க அடியில என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“முட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன் சார்.”

“பாக்கறதுன்னா? சும்மா நின்னு பாக்கறதா?”

“சார், மேல கான்கிரீட் விழ விழ எடை ஏறும். கீழ நிக்கற முட்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வாங்கும். நல்ல முட்டு சத்தம் போடாது. தொட்டாத் தெரியும், கம்முனு இருக்கும். ஒண்ணு லூசாச்சுன்னா அதோட பாரம் பக்கத்து முட்டுக்குப் போகும். அது முனகும். அந்த முனகலைக் கேட்டு ஓடிப்போய் ஆப்பு அடிச்சு இறுக்கணும். மெஷின் சத்தத்துல அது காதுல விழாது. அதனால கைய முட்டு மேல வெச்சுக்கிட்டே நடப்போம். ஆசுபத்திரியில நாடி பாக்கறாங்களே, அந்த மாதிரி. ரெண்டு வரிசைக்கு ஒருத்தன். நாலு வரிசை இருந்துச்சு. அதான் நெட்டையைக் கூப்பிட்டேன்.” நிறுத்தினார். “மூணாவது வரிசை முனகுச்சு. அவன்தான் ஆப்போட ஓடினான். நான் பின்னால போனேன்.”

கம்பெனி ஆள் கோப்பைப் புரட்டினார். “சார், அமைச்சரே தெளிவாச் சுட்டிக்காட்டியிருக்காரு. பேப்பர்லயே வந்திருக்கு. வந்து நாற்பத்தஞ்சு நாளாச்சு, ஒரு மறுப்பு இல்ல. அந்தப் பேப்பருக்கும் எங்களுக்கும் சம்பந்தமே கிடையாது.”

அக்கா தன் பையிலிருந்து லாரிச் சீட்டுகளின் நகலை எடுத்து வைத்தாள். தூசி கொடுத்தனுப்பியது. அதிகாரி அதைப் பார்த்தார், செய்தித்தாள் நகலையும் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு தட்டச்சுக்காரியிடம் சொல்ல ஆரம்பித்தார்.

“போடும்மா. பணி நடைபெறவில்லை என்பதை அமைச்சர் சுட்டிக்காட்டியுள்ளார். எனினும், தான் முட்டுகளைக் கவனித்துக்கொண்டிருந்ததாக மனுதாரர் சொல்லிக்கொள்கிறார்…”

“சார்” என்றான் தம்பி.

சுவரோரம் நின்றிருந்தவன். அவனுக்கே அது தன் குரலாகப் படவில்லை.

“யாருப்பா நீ?”

“அது சொல்லிக்கொள்கிறார் இல்ல சார். சொன்னாரு. இவர் சொன்னாரு, அவரும் சொன்னாரு. அமைச்சர் எதையும் சுட்டிக்காட்டல. வெறுமனே சொன்னாரு.”

“பேப்பர்ல இருக்கறதைத்தானே நான் எடுத்துப் போடறேன்?”

“பேப்பர்ல அதைப் போட்டது நான் சார். நிருபர் கூறினாருன்னுதான் எழுதியிருந்தாங்க. ஒரே சொல்லு திரும்பத் திரும்ப வரக்கூடாதுன்னு நான் மாத்தினேன். அவர் சொன்னதுல உண்மை இருக்குன்னு தெரிஞ்சு மாத்தல. சரிபாக்கல. சரிபாத்ததெல்லாம் அடியில ஒரு பத்தியா இருந்துச்சு, இந்தச் சீட்டு விவரம். அதை எடம் இல்லன்னு வெட்டிட்டோம்.”

கம்பெனி ஆள் முதல் தடவையாகக் கோப்பை மூடினார். அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. தன் சிராய்ந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதிக் குடுப்பியா?” என்றார் அதிகாரி. “கையெழுத்தோட? வேலை பாக்கற எடத்தையும் போட்டு?”

“குடுக்கறேன் சார்.”

“யோசிச்சுக்கோ. இது பைல்ல ஏறிடும்.”

அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினான். வாழ்க்கையில் அத்தனை ‘நான்’ போட்டு அவன் எதையும் எழுதியதில்லை. அதிகாரி அதை வாங்கிப் படித்து, தட்டச்சுக்காரியிடம் முன்னே சொன்னதை அழித்துவிடச் சொன்னார். “அமைச்சர் கூறினார்னு போடு. மனுதாரர் கூறினார்னு போடு. சீட்டுல நேரம் என்னவோ அதை அப்படியே போடு.”

வெளியே தாழ்வாரத்தில் அக்கா அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். அடிக்கவில்லை. பிடித்தபடியே நின்றாள்.

“இத்தனை நாளா எங்கூட ஒண்ணா உக்காந்து தின்னியேடா. யாரோ யாரோன்னு.”

“சொல்ல வாய் வரலக்கா.”

“மத்தவனுக்கெல்லாம் வாய் வாயா எடுத்துக் குடுக்கறவன், உனக்கு ஒரு வாய் இல்லாமப் போச்சா?”

“விடுடி” என்றார் மாமா நாற்காலியிலிருந்து. அவர் முகம் வெளுத்திருந்தது. வலியா வேறெதாவதா என்று தெரியவில்லை. “முதல்ல ரெண்டு பேரும் என்னைக் கீழ எறக்குங்க. வீட்டுக்குப் போய்த் திட்டிக்கலாம். அவன்தான் தூக்கணும், இப்ப அவன் கைய ஒடிச்சுடாத.”

இறக்கினார்கள். வீட்டுக்கு வந்தும் அவர் திட்டவில்லை. நாலு நாள் அவனை மாப்ளே என்று கூப்பிடாமல் இருந்தார், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் காலையில் கழிப்பறைக்குப் போக அவசரமாகி, அக்கா கடைக்குப் போயிருக்க, “மாப்ளே, வாடா சீக்கிரம்” என்று கத்தினார். அவன் ஓடிப்போய்க் கழுத்தைக் கொடுத்தான்.

“ரெண்டுல தூக்கணும். மூணு வரைக்கும் போகாத” என்றார் அவர்.

நாளிதழ் ஆபீஸில் விஷயம் விசாரணைக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. கத்திரி அவனைத் தனியாகக் கூப்பிட்டார். கத்தவில்லை. “உன் மாமான்னு அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா அந்தச் செய்தியை உன் கையில குடுத்திருக்கவே மாட்டேனே” என்றார். பிறகு, “நானும் அந்தப் பத்தியை வெட்டினேன். அதை நீ அங்க எழுதிக் குடுத்தியா?” என்று கேட்டார்.

“வெட்டிட்டோம்னு எழுதினேன் சார்.”

“வெட்டிட்டோம்.” கத்திரி அந்தச் சொல்லைக் கொஞ்சம் மென்றார். “சரி போ.”

வேலை போகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. காய்கறி விலைப் பட்டியலுக்கும் வானிலைக்கும் மாற்றினார்கள். தக்காளி இவ்வளவு, உருளை இவ்வளவு. “அங்க யாரும் எதையும் கூற மாட்டாங்க. உனக்கு நிம்மதி” என்று தூசி கேலி செய்தாள்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. அன்று தளம் போடும் வேலை நடந்தது, இருவரும் வேலையில் இருந்தார்கள் என்று தீர்ப்பு. மாமாவுக்கும் நெட்டை வீட்டுக்கும் தனித்தனித் தாள். அக்கா அதை மூன்று தடவை விரல் வைத்துப் படித்தாள். அன்று கடைக்குப் போகவில்லை. வெந்நீர் வைத்து இடுப்புக்கு ஊற்றிக்கொண்டு பகலெல்லாம் படுத்துக் கிடந்தாள். தம்பி சமைத்தான். உப்பு கூடிவிட்டது. “நிலவரம் எழுதறவன் உப்பு நிலவரம் பாக்கமாட்டியா?” என்று மாமா தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

தூசி அந்த உத்தரவை வைத்து ஒரு செய்தி எழுதினாள். ‘அமைச்சர் கூறியது உண்மையல்ல’ என்று அவள் தலைப்பு. மூன்று நாள் அது திரையிலேயே கிடந்தது. நான்காம் நாள் ஒன்பதாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வந்தது. ‘மேம்பால விபத்து: பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணம், அமைச்சர் உறுதி.’ நிழல் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவர் சொன்னதாகவும் இல்லை, சொல்லவில்லை என்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நெட்டையின் பெண்டாட்டி வீட்டுக்கு வந்தாள். வெளியே வெயில் திரும்ப ஏறியிருந்தது. அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். அவள் கையில் உத்தரவுத் தாள் இருந்தது. தம்பியைத்தான் தேடி வந்திருந்தாள்.

“இது வந்திருச்சு தம்பி. நல்லதுதான். ஆனா இதை யாருகிட்டக் கொண்டுபோய்க் காட்டுவேன்? எங்க தெருவுல இதைப் படிச்சவங்க யாரும் இல்ல. அன்னிக்குப் பேப்பரைப் படிச்சவங்க எல்லாரும் இருக்காங்க. கொழாயடியில இன்னும் சொல்றாங்க, வேலை நேரத்துல தூங்கப் போய்ச் செத்தான்னு. எங்க மாமியாரே சொல்லுது.”

“இந்தத் தாளை நகல் எடுத்துத் தரேன்க்கா. நாலு பேருக்குக் குடுக்கலாம்.”

“தாளு வேணாம். பேப்பர்ல வந்ததுக்குப் பேப்பர்லதான வரணும்? அந்த மனுஷன் ஆப்பைக் கையில வெச்சுக்கிட்டுதான் செத்தான். வெளிய எடுத்தப்ப வெரலைப் பிரிக்க முடியல. அதைப் போடச் சொல்லு. எப்ப வரும்?”

நாளை வரும் என்று சொல்லவும் தம்பிக்கு வாய் எழுந்தது. முயற்சி செய்கிறேன் என்று சொல்லவும் எழுந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டான்.

“தெரியலக்கா. போட மாட்டாங்கன்னுதான் நெனைக்கறேன்.”

அவள் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்தாள். “அப்ப பாக்கி இருக்குன்னு வெச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

பாக்கிதான். நெட்டை நிழலுக்கு ஒதுங்கவில்லை, முட்டுக்கு ஆப்பு அடிக்க ஓடியபோது செத்தான், அமைச்சர் சொன்னது பொய் என்று அந்த நாளிதழ் அவளுக்கு ஒரு வரி தரவேண்டும். இன்னும் தரவில்லை.